அட்டை அடிக்கிறவர்

காஞ்சிபுரத்திலிருந்து வேகவதி ஆற்றைத் தாண்டித் திருப்பருத்திக்குன்றத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் திரைலோக்கியநாதர் கோயிலைத் தேடித்தான் வருகிறார்கள். விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387இல் கட்டிய சங்கீத மண்டபத்து விதானத்தில் ரிஷபதேவரின் கதை வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டிருக்கிறது. நானும் அண்ணாந்து பார்த்தேன். ஆனால் வந்த காரியம் வேறு: தறிக்கு அட்டை அடிக்கிற ஒருவரைப் பார்க்க வேண்டும்.

சென்னையில் எனக்குச் சோறு போடுவது பில்டு கட்டமைப்புக் கோப்புகள். நிரல் எழுதுகிறவர்கள் வேறு. அந்த நிரலை எந்த வரிசையில் தொகுப்பது, எதைச் சோதிப்பது, தவறினால் எங்கே நிற்பது என்று இயந்திரத்துக்கு எழுதிக் கொடுக்கிற ஆள் நான். பட்டுத்தறிக்கும் அப்படி ஓர் ஆள் உண்டு.

"வாங்க தம்பி, கம்ப்யூட்டர்காரரா?" என்று சிரித்துவிட்டுப் பெரியவர் கிராஃப் தாளை விரித்தார். நெடுக்கே ஒரு கட்டவரிசை ஒரு கொக்கி. குறுக்கே ஒரு கட்டவரிசை ஓர் அட்டை. அட்டையில் ஓட்டை இருந்தால் ஜக்கார்டு பெட்டியிலுள்ள கொக்கி எழும்பிப் பாவு இழையைத் தூக்கும். இல்லாவிட்டால் இழை கிடந்த இடத்திலேயே கிடக்கும். அந்த இடைவெளியில் ஜரிகை ஓடும். அங்குலத்துக்கு 60 ஜரிகை ஊடை என்று வைத்துக்கொண்டால் 5 அங்குலப் பூவுக்கு 300 அட்டை. 240 கொக்கிப் பெட்டியென்றால் 72,000 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் குத்துவதா விடுவதா என்று முடிவெடுத்தாக வேண்டும்.

இரும்புத் தகட்டுக்குள் அட்டையைச் செருகி, உளியை வைத்துச் சுத்தியால் ஒரு தட்டு. வேலை அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றியதை முகத்திலேயே படித்துவிட்டார் போலும். ஒரு மயிலைக் காட்டினார். தாளில் அது குட்டைக் கழுத்தும் பெருத்த உடம்புமாக நின்றது. "பாவு நெருக்கம் வேற, ஊடை நெருக்கம் வேற. கணக்குப் பார்க்காம அழகா வரைஞ்சா தறியில கொக்கு வந்துடும்." அப்புறம் ஜரிகை நீளமாக மிதக்கிற இடங்களில் சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்தார். அங்கே ஓர் இழை ஏறி ஜரிகையைப் பிடித்துக்கொள்ளும். இல்லையென்றால் சேலை கட்டுகிறவளின் வளையலில் மாட்டும்.

லியோனில் ஜக்கார்டு இந்தப் பெட்டியைச் செய்தது 1804ஐ ஒட்டி. பாபேஜ் தம் கணிப்பொறித் திட்டத்துக்கு அட்டையை இதிலிருந்துதான் எடுத்துக்கொண்டார். இது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. எனக்கு நெருக்கமான கதை வேறு. 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 'மேக்' என்ற பில்டு கருவியை எழுதினார். அதில் கட்டளை வரி டேப்பில்தான் தொடங்க வேண்டும். வெற்றிடம் தட்டினால் ஏற்காது. மாற்றிவிடலாம்தான். அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார்கள், அவர்களுக்கு ஏன் சிரமம் என்று விட்டுவிட்டார். இன்றைக்கும் அந்த டேப்புக்காக ராத்திரி விழிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இதைச் சொன்னதும் பெரியவர், "எங்க ஓட்டை இடைவெளியும் அப்படித்தான். பெட்டி ஊரெல்லாம் இருக்கு, இனிமே யாரு மாத்துவா?" என்றார்.

பேச்சுக்கு நடுவில் நெசவாளி ஒருவர் அட்டைக்கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "மயில் பூ சப்பையா வருதுண்ணே. போன பாவுல நல்லாத்தான் வந்துச்சு."

"ஜரிகை மாத்தினியா?"

"முதலாளி இந்தத் தடவை மெல்லிசு குடுத்தார்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வேலையிலும் இதே கதைதான்: கோப்பில் ஓர் எழுத்தும் மாறியிருக்காது. கீழே ஏதோ ஒரு நூலகத்தின் பதிப்பு மாறியிருக்கும். பழி மட்டும் கோப்பை எழுதியவன் தலையில் விழும். இங்கே ஜரிகை மெலிந்ததால் அங்குலத்துக்குக் கூடுதல் ஊடை விழுந்து பூ அமுங்கியிருக்கிறது. அட்டையில் குற்றமில்லை.

"புதுசா அடிக்கணும்னா முதலாளிகிட்ட காசு வாங்கிட்டு வா."

"தரமாட்டார்ண்ணே."

பெரியவர் கட்டைப் பிரித்தார். அட்டைகளின் ஓரத்து எண்களைப் பார்த்துக்கொண்டே, எந்தெந்த அட்டையை இன்னொரு தடவை அடித்து நடுவில் கோத்தால் பூ நிமிரும் என்று கிராஃபில் குறிக்க ஆரம்பித்தார். மயிலின் கண்ணும் மூக்கும் வருகிற வரிசைகளைத் தொடவில்லை, தோகையில்தான் சேர்த்தார். சேர்க்கிற அட்டைக்கு மட்டும் கூலி என்று பேச்சு முடிந்தது. அதிலும் பாதியை அடுத்த வாரம் தருவதாகச் சொல்லிவிட்டு நெசவாளி வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார்.