எண்ணெய்க் கை

பரோட்டா மாஸ்டருக்கு வலது தோளும் மணிக்கட்டும். கீழமாசி வீதி லோடுமேனுக்குப் பிடரியும் இடுப்பும். செல்லூர் தறிக்காரருக்கு நாடா இழுக்கும் கை ஒரு மாதிரி, மிதிகட்டை மிதிக்கும் கால் இன்னொரு மாதிரி. சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டே வயதான அம்மாக்களுக்குக் கட்டைவிரலின் அடி. மதுரையில் இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு, குப்புறப் படுத்தவர் வாய் திறப்பதற்குள் அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று பாதி தெரிந்துவிடும். மீதிக்குத்தான் கேள்வி. எப்ப இருந்து வலி, காலுக்கு இறங்குதா, மரத்துப் போகுதா, சர்க்கரை இருக்கா.

இதில் பரோட்டா மாஸ்டர்கள் தனி ரகம். நள்ளிரவு தாண்டிக் கல்லை அணைத்துவிட்டுப் படுப்பவர்கள், மறுநாள் காலை பத்து மணிக்குமேல் வருவார்கள். மாவை வீசுவது மணிக்கட்டு என்றுதான் அவர்களே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கையை வைத்துப் பார்த்தால் முதுகில் தோள்பட்டை எலும்பைச் சுற்றியிருக்கும் தசை கல்லாக இருக்கும். அதை இளக்காமல் மணிக்கட்டுக்கு எவ்வளவு தைலம் ஊற்றினாலும் வீண். "வலி இங்கண்ணே, நீங்க எங்கயோ தடவுறீங்க" என்பார்கள்.

இதே வசனத்தைத் தாத்தாவிடம் கொடிக்கால்காரர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எங்கள் ஊர் சோழவந்தான் பக்கம். வைகைப் பாசனம், நெல், தென்னை, வெற்றிலை. கொடியை அகத்தி மரத்தில் கட்டுகிறவர் நாள் முழுக்க ஏணியில் நின்று அண்ணாந்தபடி வேலை செய்ய வேண்டும். கழுத்து பிடித்துக்கொண்டு வருவார். தாத்தா கழுத்தைத் தொடமாட்டார். இரண்டு தோளையும் மார்பின் மேல்புறத்தையும் நீவிவிட்டுக்கொண்டே இருப்பார். கழுத்து தானாகத் திரும்பும்.

தாத்தா ஊருக்குக் குடிமகன். சவரம், கல்யாணக் காரியம், சாவுக் காரியம், எண்ணெய் தேய்ப்பு, சுளுக்கு எடுப்பது எல்லாம் ஒரே ஆள். பிரசவத்துக்கு அப்பத்தா. கூலி, அறுப்புக் களத்தில் அளந்து போடும் நெல். சனிக்கிழமை பெரிய வீட்டில் எண்ணெய்க் குளியல். தாத்தா அந்த வீட்டுத் திண்ணையைத் தாண்டி உள்ளே போனவர் இல்லை. ஆனால் வீட்டுக்காரர் கழுத்தைக் கொடுப்பார், இடுப்பைக் கொடுப்பார், கத்திக்குத் தொண்டையைக் கொடுப்பார். எல்லாம் முடிந்ததும் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவார். அந்தக் குளியல் எண்ணெய்க்கா, நீங்க தொட்டதுக்கா என்று தாத்தாவிடம் கேட்டேன். "ரெண்டுக்கும் ஒரே தண்ணிதான்டா" என்றார். கோபமாகச் சொன்னாரா, வேடிக்கையாகச் சொன்னாரா என்று இன்றைக்கும் பிடிபடவில்லை.

அப்பா நகரத்துக்கு வந்து சலூன் போட்டார். சுழல் நாற்காலி, பெரிய கண்ணாடி. தலையை நாலு தட்டு தட்டி விரலைச் சொடுக்குவதோடு சரி. கழுத்துக்குக் கீழே தொடமாட்டார். அது அவர் வைத்த எல்லை. ஊரில் செய்த வேலையை இங்கே செய்யக் கூடாது என்று வைராக்கியம். அதனால் நான் பாளையங்கோட்டையில் தெரபி பட்டயப் படிப்பில் சேர்ந்தது வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. "படிச்சுட்டும் அதே எண்ணெய்தானாடா?" என்று ஒருமுறை கேட்டார். அப்புறம் பணம் கட்டினார்.

சித்த மருத்துவத்தில் உடம்பு பிடிப்பதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று ஒன்பது வகை. வர்மம் தனிப் பாடம். 108 இடங்கள், அதில் 12 படுவர்மம், 96 தொடுவர்மம். பரீட்சைக்கு ஒப்பிக்கும்போதெல்லாம் தாத்தாவின் கை மனதில் ஓடும். முறுக்கலை அவர் வயசாளிகளிடம் செய்யவே மாட்டார். எலும்பு அடர்த்தி குறைவதைப் பற்றி வகுப்பில் பாடம் எடுத்த அன்றைக்குத்தான் காரணம் விளங்கியது.

படிப்பு முடிந்து மலைப்பக்கத்து விடுதி ஒன்றில் வேலை. வெள்ளைச் சட்டை, நெஞ்சில் பெயர்ப் பட்டை, ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடும் ஒலிபெருக்கி. பெண் விருந்தாளிகள் பெண் தெரபிஸ்டைத்தான் கேட்பார்கள், நியாயம். ஆண் விருந்தாளிகளும் "லேடி தெரபிஸ்ட் இல்லையா?" என்பார்கள். ஆக, ஆண் தெரபிஸ்டுக்குப் பாதி நாள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதுதான் வேலை. மலை ஏறி இறங்கிக் கால் பிடித்துக்கொண்ட வெளிநாட்டுக் கிழவர்கள் யாராவது வந்தால் உண்டு.

மெனு அட்டையில் ஸ்வீடிஷ் மசாஜ் என்று போட்டிருக்கும். பிடிகளுக்கெல்லாம் பிரெஞ்சுப் பெயர். அவற்றை முறைப்படுத்திப் பரப்பியவர் ஹாலந்துக்காரரான யோஹான் கியோர்க் மெட்ஸ்கர், 1838-இல் பிறந்தவர். உடற்பயிற்சி வாத்தியாராக இருந்து மருத்துவர் ஆனவர். ஆம்ஸ்டர்டாமில் ஆம்ஸ்டெல் ஹோட்டலில் அறை எடுத்து உட்கார்ந்திருந்தார். அரச குடும்பத்தார் தேடி வந்தார்கள், ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத் உட்பட. ஹோட்டலில் உட்கார்ந்திருந்த ஆண் கைக்கு அப்படியும் ஒரு காலம் இருந்திருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்தபடி இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது.

கல்யாணப் பேச்சு வந்தபோது அம்மா "ஆஸ்பத்திரி மாதிரி ஒரு இடத்துல இருக்கான்" என்று சொல்லிவைத்திருந்தார். பெண் வீட்டு மாமா விடாமல் நோண்டி, மசாஜ் என்று தெரிந்ததும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அவர்மேல் குற்றமில்லை. பேப்பரில் அந்தச் சொல் வந்தாலே பக்கத்தில் போலீஸ் சோதனை என்று ஒரு வரி இருக்கும்.

2021 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர், ஸ்பாக்களிலும் மசாஜ் நிலையங்களிலும் கேமரா வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். அடுத்த மாதமே, 2022 ஜனவரியில், இங்கே மேலூர் சாலையில் இருக்கும் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் திருச்சி ஸ்பா வழக்கு ஒன்றில் வேறு மாதிரி சொன்னார்: அந்த இடத்துக்குள் கேமரா வைப்பது ஒருவருடைய உடலின் அந்தரங்கத்தில் கை வைப்பது. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் சரி. துணி கழற்றிப் படுத்திருப்பவர்மேல் கேமராக் கண் இருந்தால், நான் எவ்வளவு ஒழுங்காக இருந்தும் என்ன பயன்? இளகவேண்டிய தசை இன்னும் இறுகும்.

சந்தேகம் இங்கே மட்டும் வந்ததில்லை. 1894-இல் லண்டனில் மசாஜ் நிலையங்களின் பெயரில் வேறு தொழில் நடப்பதாகப் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் எழுதித் தள்ளியது. செவிலித் தொழிலில் இருந்த நான்கு பெண்கள் சேர்ந்து பயிற்சி பெற்ற மசாஜ்காரர்களுக்குச் சங்கம் தொடங்கினார்கள். மருத்துவர் சொல்லாமல் யாரையும் தொடக் கூடாது, கண்டபடி விளம்பரம் கூடாது என்று தங்களுக்குத் தாங்களே விதி போட்டுக்கொண்டார்கள். அந்தச் சங்கத்தின் வழிதான் இன்றைய பிரிட்டிஷ் பிசியோதெரபி. முதல் உலகப் போரில் கண்ணிழந்த சிப்பாய்களுக்கு லண்டன் செயின்ட் டன்ஸ்டன்ஸ் இல்லத்தில் இதே மசாஜைக் கற்றுக்கொடுத்து ஆஸ்பத்திரி வேலைக்கு அனுப்பினார்கள். பார்வையில்லாத ஆண் கையை அவ்வளவு சுலபமாக நம்பியிருக்கிறார்கள்.

மதுரையில் சொந்தமாக அறை எடுத்தபோது நானும் சில விதி வைத்துக்கொண்டேன். ஆண்கள் மட்டும். பெண்களுக்கு, அறையில் பெண் தெரபிஸ்ட் இருக்கும் நாளில். எந்த இடத்தைத் தொடப்போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவது. துண்டு விலகினால் முதலில் துண்டைச் சரி செய்வது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் எண்ணெய்ப் புட்டியைத் திறப்பதே இல்லை. ரத்தக்கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் ஆள் போய்விடும். அவர்களை நேரே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவேன். "அஞ்சு நிமிஷம் உருவி விடுங்கண்ணே, சரியாப் போகும்" என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. போகட்டும்.

உடம்பில் இருக்கிற நஞ்செல்லாம் எண்ணெயில் இறங்கிவிடும் என்று தொழில்காரர்களே அளப்பார்கள். எனக்கு அந்தப் பேச்சு ஆகாது. வலி குறைவதற்கு விளக்கம் வேறு. 1965-இல் மெல்சாக், வால் என்ற இருவர் வலிக்குத் தண்டுவடத்தில் ஒரு கதவு இருப்பதாகச் சொன்னார்கள். தொடுகையும் அழுத்தமும் முந்திக்கொண்டு போனால் வலிக்கு வழி குறுகும். இடித்துக்கொண்ட முழங்காலை நாமே தேய்த்துவிட்டுக்கொள்கிறோமே, அதேதான்.

தை பிறந்தால் ஜல்லிக்கட்டு, கூட்டம் வேறு. முதல் நாள் அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர். திமிலைப் பிடித்துத் தொங்கிய பையன்கள் தோளைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். அன்றைக்கே நீவக் கூடாது, ஐஸ் மட்டும். தாத்தா காலத்தில் ஐஸ் ஏது? ஈரத்துணி போட்டு, "நாளன்னிக்கு வா" என்று அனுப்பிவிடுவார். கிழித்த காயம் என்றால் கிட்டேயே போகமாட்டார். தடையால் ஜல்லிக்கட்டு நடக்காத 2015, 2016 தை மாதங்களில் என் அறை காலியாகக் கிடந்தது. தடை வேண்டாம் என்று நான் சொன்னதில் கொஞ்சம் சுயநலமும் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சித்திரையில் அழகர் வந்து போனபின் அவர் பல்லக்கைச் சுமக்கும் சீர்பாதந்தாங்கிகள் சிலர் வருவார்கள். அழகர்கோயிலிலிருந்து வைகை வரை இருபது கிலோமீட்டர் போல, வழியெல்லாம் மண்டகப்படி. பல்லக்குத் தண்டு உட்காரும் இடத்தில் தோள் தடித்துக் காய்த்திருக்கும். அதைக் கரைக்கச் சொல்லிக் கேட்கமாட்டார்கள். "அது இருக்கட்டும், அடுத்த வருஷத்துக்கு வேணும். இடுப்பை மட்டும் பாருங்க" என்பார்கள்.

போன மாதம் உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன் தொழில் கற்றுக்கொள்ள வந்தான். கபடி ஆடின உடம்பு. "எவ்வளவு சம்பாதிக்கலாம்ணே?" என்றுதான் தொடங்கினான். கட்டைவிரல் எவ்வளவு நாள் தாங்குமோ அவ்வளவு என்றேன். இந்தத் தொழிலில் முதலில் தேய்வது அதன் அடி மூட்டுதான். தாத்தா கடைசிக் காலத்தில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவ முடியாமல் அப்பத்தாவிடம் நீட்டுவார். முழங்கையையும் முன்கையையும் வை, உன் உடம்பு கனத்தைச் சாய்த்து அழுத்து, ஒரு நாளைக்கு எத்தனை பேர் என்று கணக்கு வைத்துக்கொள் என்று விளக்கினேன். தலையாட்டினான்.

"நகத்தை ஒட்ட வெட்டிட்டு வா. மோதிரம் கூடாது. கையில இருக்க கயிறையும் கழட்டணும், தோலை அறுக்கும்."

"அது எங்க கருப்பசாமி கோயில் கயிறுண்ணே. கழட்டக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்கு."

"அப்ப இடுப்புல கட்டிக்க. அம்மாகிட்ட நான் பேசுறேன்."