நடக்க இயலாதோரும் நம்மோடு வரட்டும்

கடலூர் மாவட்டத்தின் உட்பகுதியில், சிதம்பரத்திற்கு மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், வயல்கள் சூழ அமைந்துள்ளது ஸ்ரீமுஷ்ணம். பூவராகப் பெருமாள் கோயிலால் புகழ்பெற்ற இவ்வூருக்கும் கடலுக்கும் பழமையான உறவு ஒன்று உண்டு. ஆண்டுதோறும் மாசி மகத்தையொட்டிப் பெருமாளின் திருவுருவம் கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்காக எழுந்தருளுவதும், கிள்ளைவாழ் இஸ்லாமியப் பெருமக்கள் அன்புடன் எதிர்கொண்டு வரவேற்பதும் வழிவழி வந்த மரபு. அவ்விழாவிற்காக ஊரார் பலரும் கடலை நோக்கிப் புறப்படுவர். அப்போதும் வீட்டுத் திண்ணையிலேயே தங்கிவிடுவோர் சிலர் உண்டு. அவர்கள் நடக்க இயலாதோர்.

எங்கள் இல்லத்தில் அத்தகையவர் எங்கள் அத்தை. வயது 68. பக்கவாதத்தால் இடக்கையும் இடக்காலும் வலுவிழந்துபோக, நான்கு ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியே அவருக்குத் துணை. கோடை விடுமுறையில் பிள்ளைகளைச் சென்னைக்கு அழைத்துச் செல்லத் திட்டமிட்டபோது, “நான் எதற்கப்பா? உங்களுக்குச் சுமை” என்று ஒதுங்கினார். “அத்தைப் பாட்டி வராவிட்டால் நாங்களும் போகமாட்டோம்” என்று பிள்ளைகள் பிடிவாதம் செய்தனர். ஒரு வேனை அமர்த்திக்கொண்டு, விருத்தாசலம், உளுந்தூர்ப்பேட்டை வழியாகப் பயணமானோம்.

முதல் நாள் சென்னைப் புறநகரில் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவிற்குச் சென்றோம். நுழைவாயிலில் சாய்தளம் இருந்தது. பணியாளர்களும் பரிவுடன் நடந்துகொண்டனர். ஆனால் உள்ளே ஒவ்வொரு விளையாட்டிற்கும் படிகள் ஏறவேண்டியிருந்தது. ஆகவே அத்தை அன்று முழுவதும் ஒரு மரநிழலில் அமர்ந்து, எங்கள் செருப்புகளையும் கைப்பைகளையும் காத்திருந்தார். பிள்ளைகள் நனைந்த தலையோடு ஓடிவந்து, தாம் கண்டதை எல்லாம் அவருக்கு விவரித்துவிட்டு மீண்டும் ஓடினர். அவர் முகம் சுளிக்கவில்லை. எனினும், ஒருவருக்கு நுழைவு உண்டு, பங்கு இல்லை என்பது எத்தகைய நிலை என்பதை அன்று உணர்ந்தோம்.

இதில் பாதுகாப்பு என்னும் நியாயமும் உண்டு. சுழன்றும் கவிழ்ந்தும் விரையும் ராட்டினங்களில், உடலைத் தாங்கிப் பிடிக்க இரு கைகளிலும் வலுவேண்டும். இயந்திரம் இடையில் நின்றுவிட்டால் உயரத்திலிருந்து இறங்கவும் வேண்டும். 2025 மே மாதம் சென்னையில் ஒரு பூங்காவின் ராட்சத ராட்டினம் அந்தரத்தில் நின்றுவிட, அதில் இருந்தோரைத் தீயணைப்பு வீரர்கள் மீட்டதை வாசகர்கள் அறிவர். ஆகவே எல்லா விளையாட்டும் எல்லோருக்கும் ஆகாது. ஆனால் மெதுவாகச் சுழலும் குடை ராட்டினமும் அவர்களுக்கு எட்டாததாய் இருக்கவேண்டுமா?

வேண்டியதில்லை என்பதற்கு அமெரிக்காவின் சான் அந்தோனியோ நகரில் சான்று உண்டு. கோர்டன் ஹார்ட்மன் என்பவர், மாற்றுத்திறனாளியான தம் மகள் மார்கனோடு பிற பிள்ளைகள் விளையாடத் தயங்கியதைக் கண்டு மனம் நொந்தார். அதன் விளைவாக 2010-இல் எழுந்ததே ‘மார்கன்ஸ் வொண்டர்லேண்ட்’ பூங்கா. சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய ஊஞ்சலும் ராட்டினமும் அங்கு உள்ளன. 2017-இல் நீர்விளையாட்டுப் பூங்காவும் சேர்ந்தது. நனைந்தாலும் பழுதுறாமல், அழுத்தப்பட்ட காற்றால் இயங்கும் நாற்காலிகள் அங்குப் பயன்படுகின்றன. மாற்றுத்திறனாளிகளுக்குக் கட்டணம் இல்லை. எல்லோரும் கலந்து விளையாடும் இடம் அது.

மறுநாள் மாலை மெரினாவிற்குச் சென்றோம். விவேகானந்தர் இல்லத்திற்கு எதிரே, மணற்பரப்பின் மீது மரப்பலகைகளால் ஒரு பாதை அமைத்திருக்கிறார்கள். நீளம் 263 மீட்டர். அகலம் 3 மீட்டர். ஏறத்தாழ 1 கோடியே 14 லட்சம் ரூபாய்ச் செலவில் உருவாகி, 2022 நவம்பர் 27 அன்று திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சிதைத்தது, பின்னர் செப்பனிட்டனர். மணலில் புதைந்துபோகும் சக்கரங்கள் இப்பலகைகளின் மீது தடையின்றி உருண்டன. பாதி வழியில், “நீங்கள் தள்ளவேண்டாம்” என்று அத்தை எங்களைத் தடுத்து, வலக்கையால் தாமே சக்கரத்தை உந்தப் பார்த்தார். நாற்காலி ஒருபுறமாகத் திரும்பியது, சிரித்துவிட்டார். பாதையின் முடிவில் உப்புக்காற்று முகத்தில் அறைந்தது. இளையவன் ஓடிச்சென்று ஒரு குவளையில் கடல்நீர் முகந்துவந்து அவர் பாதங்களில் ஊற்றினான். இருட்டும்வரை அவர் அங்கிருந்து நகர இசையவில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். முதுமையால் கால் தளர்ந்தோரையும் சேர்த்தால் இத்தொகை இன்னும் பெருகும். பொழுதுபோக்கிலும் அவர்களுக்குச் சமபங்கு வேண்டும் என 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறுகிறது. ஆகவே நாம் கேட்பது சலுகை அன்று, உரிமை.

சட்டம் தன் கடமையைச் செய்யட்டும். குடும்பங்களாகிய நாமும் சிலவற்றைச் செய்யலாம். சுற்றுலா செல்லுமுன் அவ்விடத்திற்குத் தொலைபேசியில் பேசி, சாய்தளம் உண்டா, நாற்காலி நுழையும் அகலத்தில் கழிப்பறை உண்டா, எவ்விளையாட்டில் ஏற்றுவர் என விசாரித்துக்கொள்ளலாம். வெயில் தணிந்த வேளையைத் தெரிந்துகொள்ளலாம். நம் இல்லத்திலும் பங்கின் பொதுக்கூடத்திலும் ஒரு சாய்தளம் கட்டலாம். ஓரடி உயரப் படிக்குப் பன்னிரண்டடி நீளச் சரிவு போதும், செலவும் மிகுதியன்று.

எல்லாவற்றிற்கும் மேலாக, வண்டியில் இடம் ஒதுக்கும்போது முதல் இடத்தை அவர்களுக்கு ஒதுக்குவோம். “நான் எதற்கு?” என்று அவர்கள் மறுப்பது பெரும்பாலும் விருப்பமின்மையால் அன்று, நமக்குத் தொல்லை தரலாகாதே என்னும் அன்பினால். அந்த மறுப்பை ஏற்றுக்கொண்டு நாம் மட்டும் புறப்பட்டுவிடலாகாது.