ஊதாங்குழலுக்குள் வந்த ஏல அறிவிப்பு

மாலை ஆறரை மணிக்கு ஒரு கட்சிக்காரர் உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றால், பீஸை நினைத்துத் தயங்குகிறார் என்றுதான் எங்களுக்குத் தோன்றும். குத்தாலத்து அண்ணன் அதற்காக நிற்கவில்லை. என் அறைக்கு வரும் நடையில் பல்பு போயிருந்தது. படி எங்கே முடிகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. மகள் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். உட்கார்ந்ததும் மேசை விளக்கை அணைக்கச் சொன்னார். இருட்டும் அவருக்கு ஆகாது, கண்ணில் அடிக்கிற வெளிச்சமும் ஆகாது.

ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்று மருத்துவச் சான்றிதழில் இருந்தது. ஊரில் மாலைக்கண் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். சத்துக் குறைவால் வரும் மாலைக்கண்ணுக்கு மருந்து உண்டு. இது பரம்பரையில் வருவது. விழித்திரை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுக்கொண்டே போகும். அவர் சொன்னதுதான் எனக்குச் சரியாக விளங்கியது: "ஊதாங்குழல் வழியா பாக்குற மாதிரி சார். குழலுக்குள்ள நல்லாத் தெரியும். அந்தண்ட ஒண்ணும் கெடையாது."

வழக்கு நகைக்கடன் பற்றியது. 2024-ல் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-ல் திறக்கவில்லை, ஜூலை 28-ல்தான் தண்ணீர் விட்டார்கள். மோட்டார் வைத்திருந்தவர்கள் குறுவை போட்டார்கள். எட்டு மா நிலமும் ஆற்றுத் தண்ணீரும் மட்டும் உள்ள இவர் சம்பாவுக்குக் காத்திருந்தார். விதை, உழவு, நடவுக் கூலிக்காக மனைவியின் இரட்டைவடச் சங்கிலியையும் அம்மாவின் வளையல்களையும் ஒரு தனியார் நிறுவனத்தில் வைத்தார். அங்கே கடையாள் அவர் போனில் நிறுவனத்தின் செயலியை ஏற்றிக் கொடுத்து, இனி எல்லாம் இதில்தான் வரும், கடுதாசி வராது என்று சொல்லியிருக்கிறார்.

மறு வருஷம் ஏல அறிவிப்பும் அதில்தான் வந்தது. அச்சடித்த கடிதத்தைப் படம்பிடித்து அப்படியே அனுப்பியிருந்தார்கள். வெள்ளைத் தாளில் வெளிர் சாம்பல் எழுத்து. போனில் உள்ள வாசிப்புக் குரலைப் போட்டால் அது ஒரு படம் என்பதற்கு மேல் எதுவும் சொல்லாது. எழுத்து இருந்தால்தானே வாசிக்கும். இவர் அதை ஏதோ விளம்பரம் என்று நினைத்து மூடிவிட்டார். விஷயம் தெரிந்து ஓடியபோது ஏலத்துக்கு ஒன்பது நாள் இருந்தது.

நிறுவனத்தின் பதில் சட்டப்படி கெட்டியாகத்தான் இருந்தது. ஏலத்துக்கு முன் கடன்தாரருக்கு அறிவிப்பு கொடுக்க வேண்டும், கொடுத்தாயிற்று. அவர் அதைத் திறந்தார், பதினொரு நொடி பார்த்தார், அதற்குப் பதிவு இருக்கிறது. ஒருவர் திறந்த நொடி அவர்களிடம் இருந்தது, படித்தாரா என்பது இல்லை. என் வாதத்துக்கு அந்த இடைவெளி போதும் என்று நினைத்தேன். நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று மனுப் போட்டு, ஏலத்துக்கு இடைக்காலத் தடையும் வாங்கிவிட்டேன்.

அந்த மனுவில் ஒரு தப்புப் பண்ணினேன். மற்ற மனுக்களில் எழுதுவதுபோல், "பெரிய எழுத்திலும் ஒலி வடிவிலும் அறிவிப்புகள் தரவேண்டும்" என்று நிவாரணம் கேட்டிருந்தேன். பார்வை குறைந்தவர் என்றதும் என் கை தானாக எழுதிய வரி அது. மனுவின் நகலை அவர் போனுக்கு அனுப்பினேன். இரவு எட்டு மணிக்கு அழைத்தார்.

"சார், நீங்க அனுப்புனதும் அந்த மாதிரிதான் இருக்கு."

கையெழுத்தான மனுவை ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தார் குமாஸ்தா. சரி, தட்டச்சுக் கோப்பையே அனுப்பு என்றேன். அது பழைய எழுத்துருவில் அடித்தது. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கிலக் குறிகள். வாசிப்புக் குரல் அதை ஏதோ மந்திரம்போல் உளறியதாம். ஒருங்குறியைத் தமிழக அரசு 2010-லேயே தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. எங்கள் தொழிலில் பலருக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. நீதிமன்ற ஆவணங்களை அச்சிட்டு ஸ்கேன் செய்யாதீர்கள் என்று உச்ச நீதிமன்றத்தின் மின்னணுக் குழுவே வழிகாட்டியிருக்கிறது. எதிராளி மேல் நான் சாட்டிய குற்றத்தை என் அறையிலேயே இரண்டு தடவை செய்திருந்தேன்.

மகள் படித்துக் காட்டிய பிறகு இன்னொரு முறை அழைத்தார். "பெரிய எழுத்து வேணாம் சார். பெரிசாக்குனா ஒரு எழுத்துதான் குழலுக்குள்ள வரும். எனக்குப் பொடி எழுத்து, கறுப்புல வெள்ளையா இருக்கணும். பெரிய எழுத்து எங்கம்மாவுக்குத்தான் வேணும்."

அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துபோகும் நோய். மகனுக்கு ஓரம் போய் நடு இருக்கிறது. தாய்க்கு நடு போய் ஓரம் இருக்கிறது. தலையைச் சாய்த்துப் பக்கவாட்டில்தான் பார்ப்பார், எழுத்து உள்ளங்கை அளவு வேண்டும். வீட்டில் இருப்பது ஒரே போன். அதில் அவர் தனக்கு ஓர் அமைப்பு, அம்மாவுக்கு ஓர் அமைப்பு என்று மாற்றி மாற்றி வைத்துக்கொள்கிறார். எல்லாம் போனிலேயே உள்ள வசதி, காசு கிடையாது. மற்ற செயலிகள் அதற்குக் கட்டுப்படுகின்றன. நிறுவனத்தின் செயலி மட்டும் எழுத்தையும் நிறத்தையும் பூட்டிவைத்திருந்தது. விரலால் விரித்தாலும் விரியாது.

மனுவைத் திருத்த அனுமதி கேட்டேன். நிறுவனத்துக்கு வந்த மூத்த வக்கீல் கெட்டவர் அல்ல. அவர் தன் கட்சிக்காரரிடம் பேசி "மாற்றுத்திறனாளிகளுக்கான சிறப்புத் திரை" ஒன்றைச் செய்துகொண்டு வந்துவிட்டார். மஞ்சள் பின்னணி, மிகப் பெரிய எழுத்து, ஒரு ஒலிப் பொத்தான். ஆணையத்தின் தலைவர் முன்னால் போனை அண்ணன் கையில் கொடுத்தார்கள். அவர் "த… ங்… க… ந…" என்று எழுத்துக் கூட்ட ஆரம்பித்தார். அறையில் ஒரு சத்தம் இல்லை. இவருக்குப் படிக்கவே தெரியாது என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. பி.காம். படித்தவர் அவர்.

தலைவர் கேட்டார்: "அப்ப எந்த அளவு எழுத்துதான் வேணும்? சொல்லுங்க, உத்தரவுல போட்டுடலாம்."

"காலையில ஒரு அளவு, சாயங்காலம் ஒரு அளவு வேணும்ங்க அய்யா. அடுத்த வருஷம் எப்படின்னு தெரியாது. நானே வச்சுக்கிறேன். அவங்க தடுக்காம இருந்தாப் போதும்."

நான் ஒரு மணி நேரம் பேச வைத்திருந்ததை அவர் மூன்று வரியில் சொல்லிவிட்டார். அதன்மேல் சட்டத்தைப் பூசுவதுதான் எனக்கு மிச்சம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு மின்னணு உள்ளடக்கத்தைப் பற்றியது, 46-ஆம் பிரிவு தனியார் சேவையாளர்களையும் பிடிக்கிறது. 2025 ஏப்ரல் 30-ல் வந்த பிரக்யா பிரசூன் தீர்ப்பு கையில் இருந்தது. அமில வீச்சில் தப்பிய அந்தப் பெண்ணால் கண்ணிமைக்க முடியாது. கேமரா முன் இமைத்துக் காட்டினால்தான் வங்கிக் கணக்கு என்றார்கள். பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயினின் மனுவையும் சேர்த்து விசாரித்த உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் அணுகலும் அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடக்கம் என்று சொல்லி 20 உத்தரவுகள் போட்டது. அமர்வில் இருந்த நீதிபதி ஆர். மகாதேவன் நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போனவர் என்பதை நான் சற்று அழுத்தியே சொன்னேன். அதனால் வழக்குக்கு ஒரு பலமும் கூடாது என்று எனக்கும் தெரியும்.

ஆனால் எங்கள் பிரச்சினைக்கு அதிகம் உதவியது 2024 நவம்பர் 8-ல் வந்த ராஜீவ் ரத்தூரி தீர்ப்பு. பார்வைக் குறைபாடுள்ள ரத்தூரி 2005-ல் போட்ட மனு அது. அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக வைத்திருந்த விதியை நீதிமன்றம் சட்டத்துக்கு முரணானது என்றது. கட்டாயமான குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்றது. அதே தீர்ப்பு இரண்டு கடமைகளைப் பிரித்துக் காட்டுகிறது. யாரும் கேட்பதற்கு முன்பே எல்லோருக்குமாகச் செய்துவைப்பது ஒன்று. குறிப்பிட்ட ஒருவர் வந்து கேட்கும்போது அவருக்காகச் செய்துகொடுப்பது மற்றொன்று. அணுகலுக்கான உலகத் தரம் எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5-க்கு 1 என்ற வேறுபாட்டையும், எழுத்தை 200 விழுக்காடு வரை பெரிதாக்கும் வசதியையும் கேட்கிறது. அது தரைமட்டம். மஞ்சள் திரையோ அந்த இரண்டு கடமைகளிலும் சேராமல், இந்த அண்ணனைப் போன்ற ஒருவரைக் கற்பனையில் வரைந்து அவருக்காகச் செய்தது.

விசாரணைக்கு நடுவே ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனபோது உக்தவேதீஸ்வரர் கோவில் வழியாக நடந்தோம். திருத்துருத்தி என்று பாடல் பெற்ற தலம். சுந்தரருக்குக் கண் போன கதையை அவர் தன் கணக்கில் சொன்னார். "திருவெண்பாக்கத்துல ஊன்றுகோல் குடுத்தாரு. காஞ்சிபுரத்துல ஒரு கண்ணு. திருவாரூர்ல இன்னொண்ணு. நம்மூருக்கு வந்தப்ப அவருக்கு ஒடம்புல நோவு, குளத்துல முங்கச் சொல்லித் தோலைச் சரிபண்ணி அனுப்புனாரு. நம்மூர்ல கண்ணு கெடைக்கல சார். அப்ப அவருக்கு என்ன வேணுமோ அது கெடைச்சுது." கோர்ட்டில் இதைச் சொல்லலாமா என்றும் கேட்டார். வேண்டாம் என்றேன். பிறகு யோசித்தால், சொல்ல விட்டிருக்கலாம்.

சமரசத்தில்தான் முடிந்தது. மூன்று வாய்தா ஒரே ஒரு வாசகத்துக்குப் போனது. எழுத்தளவு இத்தனை, நிறம் இன்னது என்று எண் போட்டுக் கொடுங்கள் என்று அவர்கள் கேட்டார்கள். பொறியாளருக்கு அதுதான் சுலபமாம். நாங்கள் மறுத்தோம். கடைசியில் ஒப்புக்கொண்டது இது: மனுதாரர் தன் போனில் வைத்திருக்கும் எழுத்தளவையும் நிறத்தையும் வாசிப்புக் குரலையும் நிறுவனத்தின் செயலி மாற்றவோ தடுக்கவோ கூடாது, அறிவிப்புகள் ஒருங்குறி எழுத்தாக வரவேண்டும், படமாக அல்ல, ஏலம் பற்றியது என்றால் தபாலிலும் வரவேண்டும், ஒருவர் அழைத்தும் சொல்லவேண்டும். வட்டியில் கொஞ்சம் தள்ளுபடி கிடைத்தது. மனவேதனைக்குக் கேட்ட இழப்பீட்டை விட்டுக்கொடுத்தோம். அதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. அண்ணனுக்கு நகை வந்தால் போதும்.

நகையை மீட்கும் நாளில் நானும் போனேன். ஊழியர் ஒரு ரசீதை நீட்டினார். எறும்பு ஊர்வது போன்ற எழுத்து. எனக்கே கண்ணாடி போட்டும் மங்கலாக இருந்தது. ஊழியர் பதறி, "பெரிசா எழுதித் தரட்டுமா அய்யா?" என்றார். வழக்கின் கதை அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"வேணாம் தம்பி." ஜன்னலுக்கு முதுகைத் திருப்பி நின்றுகொண்டு தாளை முகத்துக்கு நேரே பிடித்தார். வரிவரியாக இறங்கினார்.

"சங்கிலி முப்பத்தெட்டு புள்ளி ரெண்டு கிராம்னு போட்டிருக்கு. வைக்கும்போது சீட்டுல முப்பத்தெட்டு புள்ளி ஏழு. தராசைக் கொஞ்சம் எடுத்துட்டு வா."