கண்டறியப்படவில்லை

நான் வேட்டைக்காரன் இல்லை. துப்பாக்கியைக் கையால் தொட்டதுகூடக் கிடையாது. ஆனால் பத்துப் பன்னிரண்டு வருஷங்களாக விஸ்கான்ஸின் மாநிலத்தில், மேடிஸனுக்கு மேற்கே, மவுண்ட் ஹோரெப் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். இங்கே குடியிருப்பவன் நவம்பர் மாதத்தில் மானைப் பற்றிப் பேசாமல் தப்ப முடியாது. தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின சனிக்கிழமை விடியற்காலை ஆரம்பித்து ஒன்பது நாட்கள். மாநிலம் முழுவதிலுமாக ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கண்ணைக் கூசவைக்கும் ஆரஞ்சு உடுப்பை மாட்டிக்கொண்டு காட்டுக்குள் போகிறார்கள். மான் என்று நினைத்து ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ளாமலிருக்கச் சட்டம் செய்த ஏற்பாடு. அலுவலகத்தில் பாதி நாற்காலிகள் காலியாக இருக்கும்.

இந்தப் பத்திரிகையில் மான் கறியைப் பற்றி எழுதுவதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டுமோ என்று யோசித்தேன். தேவையில்லை என்று தோன்றுகிறது. விஷயம் கடைசியில் ஒரு வார்த்தையில்தான் வந்து நிற்கிறது.

2002 பிப்ரவரியில் இந்த மவுண்ட் ஹோரெப் பெயர் எல்லாப் பேப்பரிலும் வந்தது. முந்தின நவம்பரில் இப்பகுதியில் சுடப்பட்ட மூன்று மான்களுக்கு 'க்ரானிக் வேஸ்டிங் டிஸீஸ்' இருந்ததாகச் சோதனையில் தெரிந்தது. என் பாட்டி க்ஷயரோகத்தை எலும்புருக்கி என்பாள். இதை மூளையுருக்கி எனலாம். 1967ல் கொலராடோவில் ஓர் ஆராய்ச்சிக் கொட்டடியிலிருந்த மான்களிடம் முதலில் தென்பட்டது. மூளையைப் பஞ்சு மாதிரித் துளைக்கும் வியாதி என்று 1978ல் எலிஸபெத் வில்லியம்ஸ் என்ற கால்நடை வைத்தியர் கண்டுகொண்டார். மிஸிஸிப்பி ஆற்றுக்குக் கிழக்கே அது வந்துவிட்டது தெரிந்தது மவுண்ட் ஹோரெப்பில்தான்.

இதற்குக் கிருமி என்று ஒன்று இல்லை. உடம்பிலேயே உள்ள ஒரு புரதம் மடிப்பு மாறி, பக்கத்திலிருப்பதையும் தன்னைப் போல் மடித்துவிடுகிறது. ப்ரையான் என்று 1982ல் ஸ்டான்லி ப்ரூஸினர் பெயரிட்டார். உயிரில்லாத வஸ்து என்பதால் கொல்ல முடியாது. சமையல் சூடு அதை ஒன்றும் செய்யாது. மண்ணில் வருஷக்கணக்காகக் கிடக்கும். மான் அதை வாங்கிக்கொண்டு ஒன்றரை, இரண்டு வருஷம் கொழுகொழுவென்று திரியும். எலும்பும் தோலுமாக, எச்சில் ஒழுகத் தள்ளாடுவதெல்லாம் கடைசி மாதங்களில். ஆகவே வேட்டைக்காரன் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும் மான், பார்வைக்கு எப்போதும் நல்ல மான்தான்.

மனிதனுக்கு இது தொற்றியதாக நிரூபணமான ஒரு கேஸ்கூட இன்றுவரை இல்லை. இதை நான் எனக்கே எத்தனை தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. ஆனால் இங்கிலாந்தின் மாடுகளுக்கு வந்த இதன் பங்காளி வியாதியும் மனிதனை ஒன்றும் செய்யாது என்றுதான் 1996 மார்ச் வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் வீட்டையடுத்த நிலத்துக்காரர் பால் பண்ணை வைத்திருந்து மாடுகளை விற்றுவிட்டு ஓய்வாக இருப்பவர். அவருடைய அப்பாவும் தாத்தாவும் அதே நிலத்தில் மான் சுட்டவர்கள். நாங்கள் குடிவந்த முதல் நவம்பரில் வெள்ளைக் கசாப்புக்கடைக் காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலத்துடன் வாசலில் வந்து நின்றார். உள்ளே முதுகுத்தண்டுக்கு அடியிலிருக்கும் இரண்டு மெல்லிய சதைத்துண்டங்கள். மானில் அதைவிட மிருதுவான இடம் கிடையாது. அதை உறையவைக்கக் கூடாது, அன்றன்றைக்கே தின்ன வேண்டும் என்றார். தன் பங்கை எடுத்துக் கொடுத்திருக்கிறார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. என் மனைவி மிளகும் சோம்பும் அரைத்துப் போட்டு வறுத்தாள். ஒரு கிண்ணம் அவருக்கும் போயிற்று. அதிலிருந்து வருஷா வருஷம் பொட்டலம் வரும், கிண்ணம் போகும்.

2017ல் நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். எதையோ படித்துத் தொலைத்திருந்தேன். வேலியோரம் நின்று பேசிக்கொண்டிருக்கையில், தலையைச் சோதனைக்குக் கொடுப்பதுண்டா என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு இல்லை என்றார். அந்த வருஷம் பொட்டலம் வரவில்லை.

சோதிக்காதவர்களை அறியாமைக்காரர்கள் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். நகரத்து நண்பர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். நான் கேட்டவரையில் அவர்களிடம் காரணத்துக்குப் பஞ்சமில்லை. 2002ல் அரசாங்கம் இந்தப் பகுதியில் வட்டம் போட்டு, அதற்குள் இருக்கும் மான்களை அடியோடு ஒழித்துவிடத் திட்டம் போட்டது. சுட்டுக் குவித்தவற்றில் மிகப் பெரும்பாலானவை நோயற்றவை. தலை ஆய்வுக்கூடத்துக்கு, உடல் எரிப்பதற்கு. பசிக்குச் சுட்டுப் பழகியவர்களுக்கு அந்தக் காட்சி என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். தன் நிலத்துக்குள் யாரும் வரக்கூடாது என்று பலகை மாட்டினவர்கள் உண்டு. சில வருஷங்களில் திட்டம் கைவிடப்பட்டது. மான்களும் ஒழியவில்லை, வியாதியும் ஒழியவில்லை. தெற்கே சில இடங்களில் இன்று வளர்ந்த கலைமான்களில் பாதிக்கு இருக்கிறது. 'முதலில் எல்லாவற்றையும் கொல்லச் சொன்னார்கள். இப்போது தலையை மட்டும் கொடு என்கிறார்கள்' என்று ஒருவர் பெட்ரோல் பங்கில் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

வடக்கே இருப்பவர்களுக்கு வேறு காரணம். ஒரு கவுண்டியில் ஒரு மானுக்கு வியாதி என்று ஊர்ஜிதமானால், அங்கே மூன்று வருஷமும் ஒட்டியுள்ள கவுண்டியில் இரண்டு வருஷமும் மானுக்குத் தீனி போட்டு வரவழைப்பது தடை. மக்காச்சோளத்தைக் கொட்டிவிட்டு மேலே பரணில் உட்கார்ந்திருப்பவன் தன் மானின் தலையை எதற்குக் கொடுப்பான்? ஒருவனுடைய நேர்மைக்கு இரண்டு கவுண்டிக்காரர்கள் தண்டம் கட்ட வேண்டும்.

பழைய முறை ஒன்று இருந்தது. சுட்ட மானை வண்டியில் போட்டுக்கொண்டு பதிவு நிலையத்துக்குப் போக வேண்டும். நிலையம் என்றால் பெட்ரோல் பங்க், மதுக்கடை, சாமான் கடை இப்படி. அங்கே கூட்டம் கூடும், ஒருவர் மானை இன்னொருவர் பார்ப்பார், பல்லைப் பார்த்து வயது சொல்வதற்கு ஆள் இருக்கும். சிலவற்றில் சோதனைக்குத் துண்டு எடுக்கக் கையோடு ஆள் வைத்திருந்தார்கள். 2015லிருந்து பதிவெல்லாம் போனிலும் கம்ப்யூட்டரிலும். சௌகரியம்தான். ஆனால் இப்போது தலையைக் கொடுப்பது, ஒருவன் தனியாகத் தீர்மானித்து, தனியாகக் காரோட்டிக்கொண்டு போய்ச் செய்ய வேண்டிய காரியமாகிவிட்டது. சராசரியாக வருஷத்துக்கு மூன்று லட்சம் மான் சுடுகிற மாநிலத்தில், சோதனைக்குப் போவது பத்தில் ஒன்றுகூட இல்லை. காசு கிடையாது, இலவசம்.

2018 நவம்பர் 17, சீஸன் தொடங்கின நாள், மாலையில் அவர் வந்தார். கையில் பொட்டலம். முதல் நாள், முதல் மான் என்றார். பிறகு, வண்டியில் தலை இருக்கிறது, கொடுத்துவிட்டு வரலாம், வருகிறாயா என்று கேட்டார். ஒரு வருஷம் கழித்து என் கேள்விக்குப் பதில்.

போனேன். அந்த நிலையம் என்பது சாலையோரம் மரத்தாலான ஒரு பெரிய பெட்டி, மூடி போட்டது. பக்கத்தில் பிளாஸ்டிக் பை, அட்டை, பென்ஸில். ஆள் யாருமில்லை. கொம்பை ரம்பத்தால் முன்னமே அறுத்துவிட்டிருந்தார். கழுத்து அரைச் சாண் போலத் தலையோடு இருக்க வேண்டும், அவர்களுக்கு வேண்டியது தொண்டைக்குப் பின்னாலிருக்கும் நிணநீர் முடிச்சுகள். டார்ச்சை நான் பிடித்தேன். எங்கே சுட்டது, என்றைக்கு, ஆணா பெண்ணா, போன் நம்பர். அவர் கையெழுத்து மிகவும் அழகானது. குளிரில் நிதானமாக எழுதினார். அட்டையின் ஒரு பகுதியைக் கிழித்துத் தன் பர்ஸில் வைத்துக்கொண்டார். தலையைப் பைக்குள் இறக்கும்போது கண் திறந்துதான் இருந்தது. தொப்பியைக் கழற்றுவாரோ என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. அவர் அப்படியெல்லாம் செய்கிறவர் இல்லை. மூடியைச் சாத்திவிட்டு, ரெண்டு வாரமாகும் என்றார்.

பொட்டலத்தை என்ன செய்வது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு வருஷம் கழித்து வந்த பொட்டலம். அவருடைய நியமப்படி அன்றைக்கே தின்ன வேண்டியது. உறையில் போட்டுவைத்து ரெண்டு வாரம் காத்திருப்பது அவருக்குத் தெரியாமலா போகும்? என் மனைவி என்னைப் பார்த்தாள். 'வறுத்துவிடு' என்றேன். என் பையனுக்கு அப்போது ஆறு வயது. இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றான். கிண்ணம் போயிற்று.

வியாதி இல்லையென்றால் முடிவு கம்ப்யூட்டரில் வரும். இருந்தால் ஆள் கூப்பிட்டுச் சொல்வார்கள். டிசம்பரில் ஒரு நாள் காலை அவருக்குப் போன் வந்தது. என் வீட்டுப் படியில் நின்று சொன்னார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. 'பையனும் தின்றானா?' என்று மட்டும் கேட்டார். தின்றான் என்றேன்.

அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் ராத்திரியில் படித்தது. நியூயார்க் மாநிலத்தில் வெரோனா என்ற ஊரில் 2005ல் தீயணைப்புப் படையினர் விருந்து ஒன்றில் மான் கறி பரிமாறினார்கள். அதில் ஒரு மானுக்கு இந்த வியாதி இருந்தது பிறகு தெரிந்தது. எண்பது பேரளவில் தங்களைத் தொடர்ந்து கவனிப்பதற்குச் சம்மதித்தார்கள். ஆறு வருஷக் கணக்கை 2014ல் வெளியிட்டார்கள். அவர்கள் உடம்பில் சொல்லும்படியான மாறுதல் ஒன்றுமில்லை. இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் தூங்கினேன். பிறகு நியூகினியாவின் குரு வியாதியைப் பற்றிப் படித்தேன். செத்தவர்களின் உடலைத் தின்னும் சடங்கில் பரவியது, சிலருக்கு வெளிப்பட ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. குரங்குகளுக்கு இந்த மான் வியாதியைக் கொடுத்துப் பார்த்தவர்களும் உண்டு. கனடாவில் தொற்றியது போலிருக்கிறது என்று 2017ல் சொன்னார்கள். அமெரிக்காவில் பதின்மூன்று வருஷம் வரை பார்த்துவிட்டுத் தொற்றவில்லை என்று 2018ல் எழுதினார்கள். இதற்கு மேல் படிக்க ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினேன்.

கிழவரிடம் மிச்சக் கறி முழுவதும் இருந்தது. குப்பையில் போடச் சிபாரிசு. அவர் போடவில்லை. தனக்கு எழுபத்தொன்று, இது வருவதற்குள் போய்விடுவேன் என்றார். இந்தப் பக்கத்தில் அந்த வயதுக்காரர்கள் எல்லோரும் சொல்வதுதான். வேறொன்றும் சொன்னார், அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. 'இத்தனை வருஷம் எத்தனை தின்றோமோ, யாருக்குத் தெரியும். தெரியாமலே இருந்திருக்கும்.' கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். முந்தின வருஷங்களின் பொட்டலங்கள் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் மறுபடியும் திறந்துகொண்டன.

சோதனை மேஜைக்கானது இல்லை, வரைபடத்துக்கானது என்று அதிகாரிகளே ஒப்புக்கொள்வார்கள். வியாதி எங்கே பரவியிருக்கிறது என்று பார்க்கத்தான் அது. தொற்றி அதிக நாளாகாத மானில் தப்பிவிடலாம். அதனால்தான் முடிவில் 'இல்லை' என்று போடுவதில்லை. 'நெகட்டிவ்' என்றுகூடப் போடுவதில்லை. 'நாட் டிடெக்டட்' என்று போடுகிறார்கள். கண்டறியப்படவில்லை. இவ்வளவு நாணயமான ஒரு வார்த்தையை நான் அரசாங்கக் காகிதத்தில் பார்த்ததில்லை. கண்டறியாதவர் யார் என்றில்லை. இருக்கிறது என்றுமில்லை, இல்லை என்றுமில்லை. தேடினோம், அகப்படவில்லை, அவ்வளவுதான். கவிதை விமரிசனத்தில் நாம் யாரும் இப்படி எழுதுவதில்லை. ஆனால் இந்த வார்த்தையை ஒரு தகப்பன் ராத்திரி இரண்டு மணிக்கு வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்பது வேறு விஷயம். எனக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. கிடைத்தது மற்றது.

அதற்கப்புறம் அவர் தலை கொடுக்கவில்லை. மகளுக்கும் பேரக்குழந்தைகளுக்கும் கறி கொடுப்பதையும் நிறுத்திவிட்டார். தான் மட்டும் தின்கிறார். என்னைப் பார்த்தால் கை ஆட்டுவார், பனி விழுந்தால் கேட்காமலே என் பாதையையும் டிராக்டரால் தள்ளிவிடுவார். மான் பேச்சை மட்டும் எடுப்பதில்லை.

2024 நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை, வாசல் மணி அடித்தது. அதே வெள்ளைக் காகிதம், கறுப்பு மையில் அதே அழகான கையெழுத்து: 'பிணை, 23'. வேறொன்றும் எழுதியிருக்கவில்லை. நான் வாங்கிக்கொண்டேன். நன்றி சொன்னேன். அவர் ஒரு நிமிஷம் நின்றார். நான் கேட்பேன் என்று நின்றாரா, கேட்கமாட்டேன் என்று நின்றாரா தெரியவில்லை. நான் பனியைப் பற்றி ஏதோ சொன்னேன். போய்விட்டார்.

பொட்டலத்தை உறையில் வைத்தேன். உறையவைக்கக் கூடாத துண்டம். பையனுக்கு இப்போது பன்னிரண்டு வயது. ஐஸ்கிரீம் எடுக்கும்போது அதை ஒதுக்கிவிட்டு எடுக்கிறான். 'இதை எப்பப்பா வறுக்கப் போறோம்?' என்று இரண்டு தடவை கேட்டுவிட்டான். கிண்ணத்தை என் மனைவி கழுவி மேடை மேல் வைத்திருக்கிறாள்.