ஓரத்து மாந்தர் நடுவே வந்த கதை

யப்பானிய அசைவுச் சித்திரப் படங்களை இளையோர் விரும்பிக் காண்கின்றனர். அவற்றைச் சிறுவர் விளையாட்டென்று புறந்தள்ளும் பழைய மாணவர் எம்முள் பலர் உளர். அவர்தம் சிந்தனைக்கு ஒரு படத்தை இம்மலர் வாயிலாக முன்வைக்க விழைகின்றோம்.

ஹயாவோ மியசாகி இயக்கி, 1997ஆம் ஆண்டில் வெளிவந்த ‘இளவரசி மொனொனோகே’ என்பதே அது. பன்றியாகவும் ஓநாயாகவும் காட்டில் உலவிய தெய்வங்களைப் பற்றிய பழங்கதைகளை அது புதுக்கி உரைக்கின்றது. களம் முரோமாச்சிக் காலம். எனினும், அக்காலக் கதைகளில் முன்னிற்கும் சாமுராய் வீரர் இங்கே ஓரத்தில் நிற்கின்றனர். கதைத் தலைவன் அஷித்தாக்கா எமிஷி இனத்தவன். யமத்தோ அரசை நெடுங்காலம் எதிர்த்து நின்று, பின்னர் வரலாற்றில் மறைந்துபோன வடகிழக்கு மக்கள் அவர்கள்.

அவன் சென்றடையும் இரும்புருக்கும் ஊரை எபோஷி என்னும் தலைவி நடத்துகின்றாள். பரத்தையர் இல்லங்களுக்கு விற்கப்பட்ட மகளிரை அவள் மீட்டு வந்தாள். அவர்களே அங்கு உலைத்துருத்தி மிதிக்கின்றனர். ஆடவரை எள்ளி நகையாடவும் செய்கின்றனர். யப்பானிய மரபிலோ இரும்புலையின் அருகே மகளிர் செல்லலாகாதென்ற விலக்கு இருந்தது. ஊரார் ஒதுக்கிய தொழுநோயாளருக்கும் அங்கு இடமுண்டு. துப்பாக்கி செய்தல் அவர் தொழில். தம் அழுகிய உடலைக் கழுவிக் கட்டியவள் எபோஷி ஒருத்தியே என்று, படுக்கையிற் கிடக்கும் முதியவர் ஒருவர் கூறுமிடத்தில் யாம் கண் கலங்கினோம்.

அக்காட்சி வெறுங் கற்பனையன்று. தொழுநோயாளரைக் கட்டாயமாகப் பிரித்து வைத்த யப்பானியச் சட்டம் 1996இலேதான் நீக்கப்பட்டது. மியசாகியும் தம் இல்லத்துக்கு அண்மையிலிருந்த தொழுநோயாளர் இல்லத்துக்குச் சென்று, அவர்தம் வாழ்வின் சுவடுகளை நேரிற் கண்டவர்.

இத்துணைப் பரிவுடைய எபோஷியே காட்டை அழிக்கின்றாள் என்பதுதான் கதையின் நுட்பம். அவள் சுட்ட இரும்புக் குண்டு பன்றித் தெய்வத்தைச் சாபப் பிசாசாக்குகின்றது. அச்சாபமே அஷித்தாக்காவையும் பற்றுகின்றது. இறுதியில் வனத்தெய்வத்தின் தலையைச் சுட்டு வீழ்த்துபவளும் அவளே.

ஒதுக்கப்பட்டோரைக் கலையிற் காட்ட முனைவோர் இருவகையில் வழுவுதல் உண்டு. சிலர் அவரை அழகுக்காக ஒரு மூலையில் நிறுத்துவர். சிலர் மாசற்ற திருவுருவாக்கி வணங்குவர். இரண்டிலும் மனிதரைக் காணோம். இப்படத்து மகளிரும் நோயாளரும் உழைக்கின்றனர், சிரிக்கின்றனர், தம் ஊரைக் காக்கப் போரிடுகின்றனர். அவ்வூர் விளைத்த கேட்டிலும் பங்குடையராகின்றனர். அழிந்த ஊரை மீளக் கட்டும் பொறுப்பும் அவர்கள் கையிலேயே விடப்படுகின்றது.

ஒருவரை மதித்தலாவது அவரைப் புகழ்தல் மட்டுமன்று. நன்மையும் தீமையும் செய்யவல்ல முழு மனிதராக அவரை ஏற்றலாம். பெருங்காப்பியம் கற்றோர் இவ்வுண்மையை அறிவர். சித்திரப் படமொன்றும் அதனை உணர்த்தவல்லது என்பதை, இளையோருடன் அமர்ந்து ஒருமுறை கண்டு தெளியுமாறு பழைய மாணவரை அன்புடன் வேண்டுகின்றோம்.