ஒடுகத்தூர்ப் பனி

மார்கழியில் நாத்தனார் வீட்டுக்கு ஒடுகத்தூர் போயிருந்தேன். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கிய பனியில் பிள்ளைகள் ஒரே ஆட்டம். "சளி பிடிக்கும், உள்ளே வாங்கடா!" என்று அதட்டினார் நாத்தனார்.

எனக்கு ரோங்கலாப் தீவு நினைவுக்கு வந்தது. 1954 மார்ச் 1-ல் பிகினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டை வெடித்துப் பார்த்தது. சில மணி நேரத்தில், சுமார் 150 கிலோமீட்டர் தள்ளியிருந்த ரோங்கலாப்பில் வெள்ளைத் தூள் கொட்டியது. விவரம் தெரியாத குழந்தைகள் அதில் விளையாடினார்கள். தோல் புண்ணானது, முடி கொட்டியது. பல வருஷம் கழித்துப் பலருக்குக் கழுத்தில் தைராய்டு கட்டி வந்தது. ஏப்ரல் 2-ல் நம் நேரு, இந்தச் சோதனைகளை நிறுத்தச் சொல்லி நாடாளுமன்றத்தில் பேசினார்.

ஒடுகத்தூர்ப் பனிக்கு ஒரு கம்பளிக் குல்லாய் போதும். அந்தத் தூளுக்கு ஒரு தாய் என்ன செய்வாள், சகோதரிகளே?