மூன்று கிலோ தூரம்

“என்ன தங்கச்சி, ஊருக்குக் கிளம்பிட்டியா?” தேக்காவில் தோசை கட்டிக் கொடுத்த அண்ணன், என் முதுகுப் பையைப் பார்த்துக் கேட்டார். “பறவை பார்க்கப் போறேன் அண்ணே” என்றதும் சிரித்தார்.

பைக்குள் ஒருநாள் வாடகைக்கு எடுத்த 600 மி.மீ. லென்ஸ். அது மட்டுமே மூன்று கிலோவுக்கு மேல். கேமராவும் முக்காலியும் சேர்ந்தால், ஐந்து கிலோ அரிசி மூட்டையே தேவலை! வானொலியில் மைக்கைத் தவிர எதையும் தூக்காத எனக்கு இது தேவைதானா?

லிட்டில் இந்தியாவில் ரயிலேறி, டோபி காட்டில் மாறி, கிராஞ்சியில் பேருந்து பிடித்து சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகத்தில் இறங்கினேன். உடனே பையைத் திறந்தது முதல் தப்பு. குளிர்சாதனப் பேருந்தில் வந்த கண்ணாடியில் வெளிக்காற்று பட்டதும் ஒரே ஆவி. பையை மூடியபடியே வைத்து, லென்ஸ் வெளிச்சூட்டுக்குப் பழகிய பிறகுதான் எடுக்க வேண்டுமாம்.

செப்டம்பர் முதல் மார்ச் வரை இங்கு வலசைப் பறவைகளின் காலம். கடலில் நீர் ஏறும்போது கரைப்பறவைகள் காப்பகத்துக்குள் ஒதுங்கும். மறைவிடத்திலிருந்து பொன்னிற உப்புக்கொத்திகளைக் குறிவைத்தேன். பத்து மணி வெயிலில் எல்லாப் படமும் மங்கல். லென்ஸைத் திட்டிக்கொண்டே, இன்னும் கிட்டே போகலாமென்று வெளியே வந்து கரையோரம் நின்றேன்.

கூட்டம் மொத்தமும் எழுந்து பறந்தது.

உள்ளே தொலைநோக்கியுடன் இருந்த பெரியவர் கோபப்படவில்லை. “லென்ஸ் மேல தப்பில்லம்மா. சேத்துக்கு மேல காத்து கொதிக்குது, அதான் மங்குது. காலையில சீக்கிரம் வாங்க. அதுங்க சைபீரியாவிலேருந்து வந்து ஓய்வெடுக்குதுங்க. திரும்பவும் அவ்வளவு தூரம் பறக்கணும்.”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. கிட்டே போகாமல் இருக்கத்தானே இத்தனை பாரம் சுமந்து வந்தேன்? அவை மறுபடி வந்து இறங்கும்வரை கேமராவைத் தொடவில்லை.

திரும்பும் வழியில், நடைபாதையில் நீர்நாய்க் குடும்பம் ஒன்று குறுக்கே வந்தது. சிங்கப்பூரில் நெடுங்காலம் காணாமல் போயிருந்த இவை, 1998இல் இதே சுங்கை பூலோவில்தான் திரும்பத் தென்பட்டன. அவசரமாக லென்ஸைத் திருப்பினால், ஃபோகஸ் ஆகவே மாட்டேன் என்றது. நான்கு மீட்டருக்குள் இருப்பது அதற்குத் தெரியாது.

சத்தமில்லாமல் நாலடி பின்னால் போனேன். குட்டியின் மீசை மயிர்கூடத் தெளிவாகத் தெரிந்தது.